காத்திருப்பதா, பேசுவதா, மாத்திரையா? பிரசவத்துக்குப் பிறகு மனசு சோர்ந்தால் எந்த வழி

என் மூத்த மகன் மூன்று மாதத்தில் என் முகத்தைப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டான். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. நான் துணி மடித்துக்கொண்டிருப்பேன், அவன் பக்கத்தில் விரிப்பில் கிடப்பான். ‘ங்கா’ என்று ஒரு குரல் கொடுப்பான். நான் திரும்பமாட்டேன். கொஞ்ச நேரம் கை காலை உதைப்பான், இன்னொரு முறை கூப்பிட்டுப் பார்ப்பான். அப்புறம் தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பான். “தொந்தரவே இல்லாத பிள்ளை” என்று வந்தவர்கள் எல்லாரும் மெச்சினார்கள். நானும் நம்பினேன்.

மனச்சோர்வில் கழிந்த அந்த ஐந்து மாதமும் எனக்குக் கிடைத்த ஒரே யோசனை, “நாளாக நாளாகச் சரியாயிடும்.” அதாவது, காத்திரு. இரண்டாவது பிரசவத்தில் மூன்றாவது வாரமே மருத்துவரிடம் போனேன். ஒரு முறை காத்திருந்தும் ஒரு முறை சிகிச்சை எடுத்தும் பார்த்தவள் நான். நடுவில் கிடைத்ததை எல்லாம் தேடிப் படித்தேன். இப்போது இந்த முடிவின் முன் நிற்கும் அம்மாக்களுக்கும், அவர்கள் பக்கத்தில் நிற்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

வழிகளை ஒப்பிடும்போது பெரும்பாலும் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: அம்மாவின் மனசு எதில் சீக்கிரம் தேறும்? நான் இன்னொன்றையும் சேர்த்துக் கேட்பேன். அம்மாவுக்கும் குழந்தைக்கும் இடையில் நின்றுபோன பேச்சு எதில் திரும்ப வரும்? இரண்டுக்கும் பதில் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை.

முதலில், வந்திருப்பது என்ன என்று பிரித்துக்கொள்ள வேண்டும். குழந்தை பிறந்த இரண்டு மூன்று நாளில் காரணமே இல்லாமல் அழுகை வரும், சிரிப்பு வரும், எரிச்சல் வரும். பெற்றவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இது உண்டு. இரண்டு வாரத்துக்குள் தானாக வடிந்துவிடும். அதைத் தாண்டியும் சோர்வு, குற்ற உணர்வு, எதிலும் பிடிப்பில்லாமை நீடித்தால் அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு. புதிதாகப் பெற்றவர்களில் ஏறத்தாழ 13 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு மனநலச் சிக்கல் வருகிறது, அதில் பெரும்பங்கு மனச்சோர்வு என்கிறது உலக சுகாதார நிறுவனம். வளரும் நாடுகளில் இது 20 சதவீதத்தை நெருங்குகிறது.

மூன்றாவது ஒன்று இருக்கிறது, அதில் ஒப்பீட்டுக்கே இடமில்லை. ஆயிரத்தில் ஒருவர் இருவருக்கு வரும் மனப்பிறழ்வு அது. தூக்கமே இல்லாமல் துறுதுறுவென்று இருப்பது, இல்லாத குரல் கேட்பது, குழந்தையைப் பற்றி விபரீதமான நம்பிக்கைகள், பேச்சு தடுமாறுவது. பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்திலேயே, திடீரென்று வரும். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அதுவரை அவளைத் தனியாக விடக்கூடாது, குழந்தையோடும் தனியாக விடக்கூடாது.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத ஒன்றும் உண்டு. ‘குழந்தை என் கையிலிருந்து நழுவிவிட்டால்?’, ‘தண்ணீரில் போட்டுவிடுவேனோ?’ என்று வேண்டாத நினைப்புகள் வந்து அம்மாவையே நடுங்க வைக்கும். நினைத்ததற்கே பதறுகிறாள் என்றால் அது பெரும்பாலும் பதற்றத்தின் வேலை. வெளியே சொன்னால் பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்று பயந்து எத்தனையோ பேர் இதை வருடக்கணக்கில் மூடி வைக்கிறார்கள். மருத்துவர்களுக்கு இது பழக்கமான விஷயம். தயங்காமல் சொல்லலாம்.

நிலைமையை அளந்துகொள்ள ஒரு எளிய கருவி இருக்கிறது. 1987-ல் காக்ஸ், ஹோல்டன், சகோவ்ஸ்கி மூவரும் வெளியிட்ட எடின்பரோ அளவுகோல். பத்தே கேள்விகள், கடந்த ஏழு நாட்களைப் பற்றி, மொத்தம் 30 மதிப்பெண். 10 வந்தால் கவனம் வேண்டும். 13-ஐத் தொட்டால் மனச்சோர்வு இருக்க வாய்ப்பு அதிகம். பத்தாவது கேள்வி தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் நினைப்பைப் பற்றியது. அதில் ‘ஒருபோதும் இல்லை’ என்பதைத் தவிர வேறு எதைக் குறித்திருந்தாலும், மொத்தம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், அன்றே யாரிடமாவது பேச வேண்டும்.

சரி, வழிகளுக்கு வருவோம். மொத்தம் ஐந்து. காத்திருப்பதிலிருந்து தொடங்குகிறேன், எல்லாரும் முதலில் பிடித்துக்கொள்வது அதைத்தான்.

முதல் இரண்டு வாரத்துக்குக் காத்திருப்பது சரியான முடிவுதான். அதற்குப் பிறகும் சிலருக்கு எந்தச் சிகிச்சையும் இல்லாமல் தேறிவிடும், அதை மறைக்கக் கூடாது. கேம்பிரிட்ஜில் பீட்டர் கூப்பர், லின் மரே குழுவினர் 193 பேரை வைத்துச் செய்து 2003-ல் வெளியிட்ட ஆய்வில், பேச்சுச் சிகிச்சை பெற்றவர்கள் குழந்தைக்கு நாலரை மாதம் ஆனபோது முந்தியிருந்தார்கள். ஒன்பது மாதம் ஆவதற்குள் சிகிச்சை பெறாதவர்களும் அவர்களை எட்டிவிட்டார்கள். இதைப் படித்ததும், அப்படியானால் ‘சரியாயிடும்’ என்று என் மாமியார் சொன்னது சரிதானோ என்று எனக்கும் தோன்றியது.

ஆனால் அந்த ஒன்பது மாதம் யாருடையது? அம்மாவுக்கு அது முப்பது வயதில் ஒரு கெட்ட வருடம். குழந்தைக்கோ அதுவரை வாழ்ந்த மொத்த வாழ்க்கையும் அதுதான்.

எட்வர்ட் ட்ரோனிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970-களில் ஒரு சோதனை செய்தார். அம்மா சில மாதக் குழந்தையோடு சிரித்துப் பேசி விளையாடுகிறாள். பிறகு இரண்டு நிமிடம் மட்டும் முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் குழந்தையைப் பார்த்தபடி இருக்க வேண்டும். குழந்தை முதலில் சிரித்துக் காட்டுகிறது. குரல் கொடுக்கிறது. கையை நீட்டுகிறது. எதற்கும் பதில் வராதபோது உடம்பு தளர்ந்து, முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. இதைப் படித்த இரவு நான் மூத்தவன் படுத்திருந்த அந்தச் சுவரை நினைத்து அழுதேன். இரண்டு நிமிடத்தில் அந்தக் குழந்தைகள் செய்ததை அவன் மாதக்கணக்கில் செய்திருக்கிறான்.

அதே ட்ரோனிக் கண்ட இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். நல்ல மனநிலையில் இருக்கும் அம்மாவும் குழந்தையும்கூட விளையாடும் நேரத்தில் ஏறக்குறைய 30 சதவீதம்தான் ஒத்துப்போகிறார்கள். மற்ற நேரமெல்லாம் தவறவிடுவதும், மறுபடி பிடித்துக்கொள்வதும்தான். குழந்தை நம்பிக்கையைக் கற்பது அந்த ‘மறுபடி’யில். எனவே ஒரு நாள் இரண்டு நாள் முகம் கொடுக்காமல் போனதற்காக எந்த அம்மாவும் தன்னை வதைத்துக்கொள்ள வேண்டியதில்லை. தவறவிட்டது மாதக்கணக்கில் சரிசெய்யப்படாமல் கிடந்தால்தான் கவலை.

நீண்ட நாள் தொடரும் ஆய்வுகளும் இதையே காட்டுகின்றன. இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில் ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பல வருடம் பின்தொடர்ந்த தரவை வைத்து 2018-ல் ஓர் ஆய்வு வந்தது. குழந்தைக்கு இரண்டாவது மாதத்திலும் எட்டாவது மாதத்திலும் மனச்சோர்வு கடுமையாகவே நீடித்த அம்மாக்களின் பிள்ளைகளிடம் பாதிப்பு தூக்கலாகத் தெரிந்தது. மூன்றரை வயதில் நடத்தைச் சிக்கல்கள், 16 வயதில் கணக்கில் குறைந்த மதிப்பெண், 18 வயதில் அவர்களுக்கே மனச்சோர்வு வரும் வாய்ப்பு. இது வாய்ப்பு கூடுவதைப் பற்றிய கணக்கு. எந்த ஒரு பிள்ளையின் தலையெழுத்தும் இதில் இல்லை. ஆனாலும் இரண்டாவது வாரத்தைத் தாண்டி ‘பார்க்கலாம், பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடுவதை இந்த ஐந்தில் கடைசி இடத்தில்தான் வைப்பேன்.

இரண்டாவது வழி, வீட்டில் உதவியைக் கூட்டுவது. இதைத் தனி வழியாக எண்ணவே எனக்கு மனமில்லை. மற்ற நாலில் எதை எடுத்தாலும் அடியில் இது இருந்தாக வேண்டும். பச்சை உடம்புக்காரிக்கு இரவில் ஒரே மூச்சாக நாலைந்து மணி நேரத் தூக்கம் கிடைப்பதும் கிடைக்காததும் அவள் மனசைப் புரட்டிப் போடும். அதற்கு யாராவது ஒருவர் ஒரு வேளைப் பாலூட்டலைப் பொறுப்பேற்க வேண்டும். பிழிந்து வைத்த பாலாகவோ புட்டிப் பாலாகவோ இருக்கட்டும்.

உதவி செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. என் முதல் பிரசவத்தில் உதவிக்கு வந்தவர்கள் எல்லாரும் குழந்தையைத் தூக்கிக்கொண்டார்கள், துணி என்னிடம் வந்தது. தலைகீழாகச் செய்யுங்கள். துணியை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அவள் கொஞ்சம் தெளிவாக இருக்கும் அரை மணி நேரத்தில் குழந்தையை அவள் மடியில் வையுங்கள். அவளால் முடியாத நேரத்தில் நீங்கள் அதோடு முகம் பார்த்துப் பேசுங்கள். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும் ஒரு முகம் வீட்டில் இருப்பது குழந்தைக்குப் பெரிய பலம். அது அப்பாவாகவும் இருக்கலாம். ஆனால் அப்பாக்களிலும் பத்தில் ஒருவர் அளவுக்கு இதே காலத்தில் மனச்சோர்வு வருகிறது, அவரையும் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

கூடவே ஒரு ரத்தப் பரிசோதனை. பிரசவத்துக்குப் பின் தைராய்டு தடுமாறினாலும், ரத்தசோகை இருந்தாலும் அசதியும் சோர்வும் இதே முகத்தோடு வரும்.

மூன்றாவது, பேசுவது. தோழியிடம் புலம்புவதை நான் சொல்லவில்லை, அதுவும் நல்லதுதான். இங்கே சொல்வது பயிற்சி பெற்ற ஒருவரோடு, முறையாக, வாரம் ஒரு தடவை. இதில் இரண்டு முறைகளுக்கு ஆதாரம் வலுவாக இருக்கிறது. ஒன்று, ‘நான் கெட்ட அம்மா’ என்பது போன்ற எண்ணங்களைப் பிடித்து நிறுத்தி அவற்றை மாற்றப் பழக்குவது. மற்றொன்று, கணவன், அம்மா, மாமியார், வேலை என்று பிரசவத்தால் குலைந்த உறவுகளை எடுத்துப் பேசுவது. வழக்கமாக 12 முதல் 16 அமர்வுகள்.

இதைச் செய்ய மனநல மருத்துவர்தான் வேண்டும் என்பதில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. பாகிஸ்தானின் ராவல்பிண்டி மாவட்டக் கிராமங்களில் ஆதிஃப் ரஹ்மான் குழுவினர், வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணிப்பெண்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். கர்ப்பத்தின் கடைசி மாதம் தொடங்கிக் குழந்தைக்குப் பத்து மாதம் வரை 16 சந்திப்புகள். 2008-ல் முடிவு வந்தது. ஆறாவது மாதத்தில், சாதாரண வருகை மட்டும் கிடைத்தவர்களில் 53 சதவீதம் பேர் இன்னும் மனச்சோர்வில் இருந்தார்கள். பயிற்சி பெற்றவர்களிடம் பேசியவர்களில் 23 சதவீதம். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு குறைந்தது, தடுப்பூசி ஒழுங்காகப் போடப்பட்டது, அம்மாவும் அப்பாவும் பிள்ளையோடு விளையாடும் நேரம் கூடியது. உலக சுகாதார நிறுவனம் பிறகு இதையே கையேடாக வெளியிட்டது.

பேச்சின் குறை நேரம்தான். பலன் தெரியச் சில வாரமாவது ஆகும். குழந்தையை யாரிடமாவது விட்டுவிட்டுப் போக வேண்டும், இல்லை தூக்கிக்கொண்டு போக வேண்டும். சோர்வு கடுமையாக இருப்பவளால் உட்கார்ந்து யோசிக்கவும் முடியாது. வாயைத் திறக்கவே தெம்பில்லாதவளிடம் எண்ணங்களை எழுதிக்கொண்டு வா என்றால் எப்படி?

அங்கேதான் நாலாவது வழியான மருந்து வருகிறது. இதைப் பற்றித்தான் பயம் அதிகம், அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன். பால் கொடுக்கும் அம்மாக்களுக்கு மருத்துவர்கள் பெரும்பாலும் முதலில் நினைப்பது செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரை. தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே கலக்கிறது. குழந்தையின் ரத்தத்தில் தேடினால் பெரும்பாலும் அளக்க முடியாத அளவுதான் இருக்கிறது. ‘மாத்திரையா பாலா’ என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை பொதுவாக வராது. குறைமாதக் குழந்தையாக இருந்தால் மட்டும் அதை மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும். வேலை செய்ய இரண்டு முதல் நாலு வாரம், முழுப் பலனுக்கு ஆறு முதல் எட்டு வாரம். முதல் சில நாள் குமட்டல், தலைவலி வரலாம். தேறியதும் சட்டென்று நிறுத்தக் கூடாது, குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்து பிறகு மெல்லக் குறைக்க வேண்டும்.

முன்பு எப்போதாவது தூக்கமே தேவைப்படாமல் அதீத உற்சாகத்தில் நாள்கணக்கில் இருந்ததுண்டா என்று மருத்துவர் கேட்பார். கேட்காவிட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள். சோர்வும் அதீத உற்சாகமும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்த மாத்திரையைத் தனியாகக் கொடுத்தால் எதிர்ப்பக்கம் தூக்கிப்போட்டுவிடலாம்.

புதிதாக ஒன்றும் வந்திருக்கிறது. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்கென்றே ஸூரனலோன் என்ற மாத்திரையை 2023 ஆகஸ்டில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதித்தது. பதினாலு நாள், மாலையில் ஒரு வேளை. மூன்றாவது நாளிலேயே மாற்றம் தெரிந்ததாக ஆய்வு சொன்னது. ஆனால் தூக்கம் அசத்தும். போட்டுக்கொண்ட பிறகு 12 மணி நேரம் வண்டி ஓட்டக்கூடாது, இரவில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் வேண்டும். ஆய்வில் சேர்ந்தவர்கள் அந்த நாட்களில் பால் கொடுக்கவில்லை என்பதால் அந்தப் பக்கத்துத் தகவல் குறைவு. பல நாடுகளில் இன்னும் கிடைப்பதுமில்லை. கிடைக்கும் இடத்தில், கடுமையான சோர்வில் ஆறு வாரம் காத்திருக்க முடியாதவளுக்கு இது ஒரு நல்ல வாய்ப்பு. மற்றவர்களுக்குப் பழைய மருந்தே போதும் என்பது என் கருத்து.

இனி ஐந்தாவது. இதைப் பற்றித்தான் யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

இரண்டாவது பிரசவத்தில் மாத்திரையும் பேச்சும் சேர்த்தே எடுத்தேன். ஏழாவது வாரம் போல விடிந்ததும் எழுந்திருக்கலாம் என்று இருந்தது. பசித்தது. அழுகை நின்றது. ஆனால் மகளைக் கையில் வைத்துக்கொண்டால் என்ன பேசுவது என்று தெரியவில்லை. குளிப்பாட்டினேன், பால் கொடுத்தேன், உடை மாற்றினேன், எல்லாம் ஒழுங்காக நடந்தது. விளையாட்டு மட்டும் வரவில்லை. எனக்குத்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொண்டேன்.

குறை எனக்கு மட்டும் இல்லை. 2007-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதைத்தான் பார்த்தது. பேச்சுச் சிகிச்சையால் அம்மாக்களின் மனச்சோர்வு நன்றாகவே குறைந்தது. ஆனால் தங்கள் குழந்தையைப் பார்க்கும் பார்வை, மனச்சோர்வே வராத அம்மாக்கள் அளவுக்கு வரவில்லை. 18 மாதம் கழித்தும் பிள்ளையை அடம் அதிகம், ஒட்டுதல் குறைவு என்றுதான் மதிப்பிட்டார்கள். அம்மா தேறினாள், உறவு பின்தங்கியது.

இதற்குத்தான் தாயையும் சேயையும் சேர்த்து வைத்துச் செய்யும் சிகிச்சை. என் ஆலோசகர் செய்தது இவ்வளவுதான்: மகளோடு நான் இருப்பதைக் கைப்பேசியில் சில நிமிடம் படம் எடுத்தார், பிறகு என்னோடு உட்கார்ந்து ஓட்டிக் காட்டினார். ஓரிடத்தில் நிறுத்தினார். மகள் நாக்கை நீட்டியிருந்தாள். என்னை அறியாமல் நானும் நீட்டியிருந்தேன். அடுத்த நொடி அவள் கண் விரிந்தது. “இதைச் செய்யச் சொல்லி யாரும் உங்களுக்குச் சொல்லவில்லையே” என்றார். என்னால் முடியாது என்று நம்பிக்கொண்டிருந்ததை நான் செய்துகொண்டிருந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். தப்பு கண்டுபிடிக்கும் வேலையே அதில் இல்லை, சரியாக அமைந்த நொடிகளைத்தான் தேடி எடுக்கிறார்கள்.

எல்லாருக்கும் இது வேண்டுமா? வேண்டியதில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் ஆலன் ஸ்டெய்ன் குழுவினர், மனச்சோர்வு நீடித்த 144 பேருக்கு எண்ணங்களை மாற்றும் பேச்சுச் சிகிச்சையை வீட்டுக்கே போய்க் கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு அதோடு படம் காட்டும் முறை, மறுபாதிக்குத் தசைகளைத் தளர்த்தும் பயிற்சி. 2018-ல் வெளியான முடிவில், இரண்டு வயதில் இரு பக்கக் குழந்தைகளும் சமமாக, மற்ற குழந்தைகளைப் போலவே வளர்ந்திருந்தார்கள். நல்ல சிகிச்சை போதுமான அளவு கிடைத்தால் பலருக்கு அதுவே போதும் என்று இதை நான் எடுத்துக்கொள்கிறேன். ஆகவே இந்த ஐந்தாவது வழியைக் கையில் வைத்துக்கொண்டு, மனசு தேறியும் விளையாட்டு வராதவளுக்கு நீட்டுவதே சரி. சோர்வின் உச்சத்தில் இருப்பவளைக் குழந்தையோடு விளையாடச் சொல்லிப் படம் எடுப்பது கொடுமை.

என்னை யாராவது கேட்டால் இப்படிச் சொல்வேன். மூன்றாவது வாரம், மதிப்பெண் 10-க்கும் 13-க்கும் நடுவில், சாப்பாடும் தூக்கமும் ஓரளவு நடக்கிறது என்றால், தூக்கத்துக்கு ஆள் வைத்துக்கொண்டு பேச்சில் தொடங்குங்கள். குழந்தை தூங்கும்போதும் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, சாவு பற்றிய நினைப்பு வருகிறது என்றால் மருந்தும் பேச்சும் ஒன்றாக. முன்பு ஒரு மனச்சோர்வில் ஏதாவது ஒரு மருந்து பலன் தந்திருந்தால் அதையே மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். பேசப் பயிற்சி பெற்ற ஆளே பக்கத்தில் இல்லையென்றால் மருந்தை அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம். எதைத் தொடங்கினாலும் ஆறாவது வாரம் அதே பத்துக் கேள்விகளை மறுபடி நிரப்பிப் பாருங்கள். எண் அசையவில்லை என்றால் வழியை மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.

காலம் கடந்துவிட்டதே என்று இதைப் படிக்கும் அம்மாக்களும் இருப்பார்கள். மூத்தவனோடு நான் விளையாடத் தொடங்கியபோது அவனுக்கு ஒன்றரை வயது. முதலில் நம்பவில்லை, பந்தை உருட்டினால் என்னைப் பார்க்காமல் பந்தையே பார்ப்பான். சில மாதம் பிடித்தது. இப்போது பதினொரு வயது, பள்ளியிலிருந்து வந்ததும் பையை இறக்கும் முன்பே பேச ஆரம்பித்துவிடுகிறான்.

மருத்துவர் முன்னால் உட்கார்ந்தால் வாயே வராது என்று பயப்படுபவர்களுக்கு, நான் செய்தது இதுதான். பத்துக் கேள்விகளையும் வீட்டிலேயே நிரப்பி, தாளை மடித்துக் கொண்டுபோய் அவரிடம் நீட்டினேன். ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவர் மேலிருந்து படித்துக்கொண்டே வந்தார். பத்தாவதில் ‘எப்போதாவது’ என்று குறித்திருந்தேன். அங்கே நிறுத்தினார், தாளைக் கீழே வைத்தார், நாற்காலியை மேசையைச் சுற்றி என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.